ஊருக்கெல்லாம் ஒரே நெஞ்சு

என் வீட்டுக்காரரை ஊரில் "நெஞ்சுக்காரர்" என்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு அவரைப் பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொள்வார்கள். கரப்பான் பூச்சியைப் பார்த்தால் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுகிற மனுஷன் அவர். தைரியத்துக்கும் அந்தப் பேருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அந்தப் பேர் எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். சொல்லும்போது நடுநடுவே எனக்குக் கோபம் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் நடுவில் கல் அரைக்கிற ஆலை இருக்கிறது. வெள்ளைக் கல்லை மாவாக அரைத்து மூட்டை கட்டி அனுப்புவார்கள். அது எங்கேயோ போய் முகப் பவுடராகவும் பற்பசையாகவும் சுவர் பெயிண்டாகவும் ஆகிறதாம். போகிற வழியில் கொஞ்சம் எங்கள் மேலும் இறங்கிவிட்டுப் போகும். கொடியில் காய்கிற துணி, மூடாத தண்ணீர்க் குடம், தூங்குகிற பிள்ளையின் இமை, எல்லாம் வெள்ளை. எங்கள் ஊரில் கறுப்பு எருமையைப் பார்த்தவர் யாரும் கிடையாது.

என் வீட்டுக்காரருக்கு ஆலையில் வேலை இல்லை. மேட்டின் மேல் இருக்கிற குடிநீர்த் தொட்டிக்கு அவர் காவல். காற்று எப்போதும் மேட்டிலிருந்து ஆலைப் பக்கம்தான் அடிக்கும், அதனால் தூசி அங்கே ஏறாது. தினமும் படியேறிப் படியேறி, மேலே உட்கார்ந்து நல்ல காற்றை இழுத்து இழுத்து, அவருடைய நுரையீரல் இரண்டும் கடையில் வாங்கினவை மாதிரி புத்தம் புதிதாக இருந்தன. மற்றபடி அவரிடம் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. கட்டிக்கொண்ட நானே சொல்கிறேன்.

அப்போதுதான் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. நல்ல சட்டம்தான். ஆலைத் தொழிலாளிகள் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒருமுறை நெஞ்சை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். யாருக்காவது தூசி படிந்திருந்தால் அவரை உடனே வேலையிலிருந்து நீக்கிவிட வேண்டும், அவருடைய ஆரோக்கியத்துக்காக. நீக்கின பிறகு அவர் எதைத் தின்று ஆரோக்கியமாக இருப்பார் என்பதைச் சட்டம் போட்டவர்கள் யோசிக்க மறந்துவிட்டார்கள். அவர்களுக்கும் ஆயிரம் வேலை.

என் நாத்தனாருடைய வீட்டுக்காரர் ஆலையில் அரவைப் பிரிவில் இருந்தார். எனக்கு அண்ணன் முறை. அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். இருந்த இடம் கலகலவென்று இருக்கும். சாவு வீட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போக எல்லோரும் பயப்படுவார்கள், யாராவது சிரித்துவிடுவார்கள் என்று. சட்டம் வந்த வருஷமே அவருக்கு இருமல் இருந்தது. பரிசோதனைக்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், ஒரு சின்ன உதவி."

"சொல்லு மாப்ள."

"உன் நெஞ்சை அரை மணி நேரம் இரவல் குடு. கிழியாம திருப்பித் தந்துடறேன்."

இவர் யோசிக்காமல் தலையாட்டினார். தங்கச்சி புருஷன் கேட்டால் இவர் தலையையே கழற்றிக் கொடுப்பார். ஆலை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர் யார் முகத்தையும் பார்க்கிற வழக்கம் இல்லை. "சட்டையைக் கழட்டு, மூச்சை இழு, பிடி, விடு" என்பதோடு அவர் கடமை முடிந்தது. அண்ணனுடைய நெஞ்சு பிரமாதமாக இருப்பதாக முடிவு வந்தது.

விஷயம் வெளியே கசியாமல் இருக்குமா? அடுத்த வருஷம் மூட்டை தூக்குகிறவர் வந்தார், சலிக்கிறவர் வந்தார், அதற்கடுத்த வருஷம் அரவைப் பிரிவே திரண்டு வந்தது. பிறகு மேஸ்திரியே பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பரிசோதனை நாளில் இவர் காலையில் போனால் பொழுது சாயும்வரை உள்ளே போவதும் வெளியே வருவதும்தான். ஒவ்வொரு தடவையும் அந்தந்த ஆளுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உள்ளே போனதும் சட்டையைக் கழற்றத்தானே போகிறார்கள் என்று நான் கேட்டேன்.

"அது அப்படி இல்லம்மா. எல்லாத்துக்கும் ஒரு நியாயம்னு இருக்குல்ல?" என்றார் மேஸ்திரி.

ஆலை முதலாளிக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆள் மாற்றத் தேவையில்லை, தூசி இழுக்கும் யந்திரம் போடத் தேவையில்லை, வருஷா வருஷம் "ஆரோக்கியமான ஆலை" என்று மந்திரி கையால் கோப்பை வேறு. தொழிலாளிக்கு வேலை போகாது. டாக்டருக்கு நோயாளி இல்லை. எல்லோருக்கும் நிம்மதி, இருமலைத் தவிர.

அதன் பிறகு என் குடும்ப வாழ்க்கையில் ஊரே புகுந்துவிட்டது. இவர் பீடியைத் தொடக்கூடாது. தொட்டால் பெட்டிக்கடைக்காரரே பிடுங்கிவிடுவார். மழையில் நனையக்கூடாது. ஒருநாள் சந்தையில் இவர் இரண்டு தும்மல் போட்டார். நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வாசலில் கஷாயத்தோடு ஏழெட்டுப் பெண்கள். எங்களுக்குள் சண்டை வந்தால் நான் குரலை உயர்த்தக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டி, "அக்கா, அவருக்கு மூச்சு வாங்குது பாருங்க, அப்புறமா திட்டிக்கலாம்" என்பாள். என் புருஷனை நான் நிம்மதியாகத் திட்டக்கூட ஊர் அனுமதி வேண்டியிருந்தது. இவரும் லேசுப்பட்டவர் இல்லை. கடைக்குப் போகச் சொன்னால் நெஞ்சில் கைவைத்து, "எனக்கு ஒண்ணுன்னா எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வரும் தெரியுமா?" என்பார்.

இப்படியே போயிருந்தால் தேவலை. தலைநகரத்திலிருந்து ஒரு பெரிய டாக்டரை ஆலை ஆஸ்பத்திரிக்குத் தலைவராக அனுப்பினார்கள். வந்தவர் சும்மா இருக்காமல் பழைய படங்களை எல்லாம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் ஒவ்வொருவருக்கும் இடது பக்க விலா எலும்பு ஒன்றில், ஒரே இடத்தில், சின்ன முடிச்சு ஒன்று இருந்தது.

என் வீட்டுக்காரர் சின்ன வயதில் மதில் மேல் ஏறி மாங்காய் பறிக்கப் போய் விழுந்தவர். விலா உடைந்து, சரியாகக் கட்டுப் போடாமல் கோணலாகக் கூடிக்கொண்டது. ஒரு படத்தைப் பார்த்தால் அது மாங்காய்த் திருடனுடைய விலா. ஐந்நூறு படத்தைப் பார்த்தால் அது ஆராய்ச்சி. இந்த ஊர் மக்களுக்குப் பரம்பரையாகவே விலாவில் முடிச்சு உண்டு, அந்த முடிச்சு நெஞ்சுக் கூட்டை விரித்துக் கொடுக்கிறது, அதனால் தூசி இவர்களை ஒன்றும் செய்யாது என்று பெரிய டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போச்சு என்பார்கள். கேட்டவர்கள் எல்லாம் படித்தவர்கள். கை தட்டினார்கள். மாநாடு நடந்தது. மந்திரி மேடையில் தன்னுடைய விலாவையும் தடவிப் பார்த்துக்கொண்டு, "இந்த மண்ணின் மக்களுக்கு இயற்கையே கவசம் கொடுத்திருக்கிறது" என்றார். எங்கள் ஆட்களும் கீழே உட்கார்ந்து இருமிக்கொண்டே கை தட்டினார்கள். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான், கத்த முடியுமா?

இயற்கையே கவசம் கொடுத்துவிட்டதால் ஆலை கொடுத்துக்கொண்டிருந்த முகமூடியை நிறுத்திவிட்டார்கள். அந்த முகமூடிகளைத் தைத்துக்கொண்டிருந்தது நான். என் புருஷனுடைய விலா என் தையல் மெஷினை நிறுத்திவிட்டது. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். இரண்டாவது ஆலைக்கும் அனுமதி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சு வார்டை மூடிவிட்டு, பெரிய டாக்டருக்கு ஆராய்ச்சி அறை ஆக்கினார்கள். ஆக்ஸிஜன் வைத்த கட்டில் இரண்டை மட்டும், விருந்தாளிகளுக்குக் காட்ட, விரிப்பு மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள்.

அண்ணன் விழுந்தது அதற்குப் பிறகுதான். முதலில் மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு வாசல்படி. பிறகு படுத்தால் மூச்சு இல்லை என்று சுவரில் சாய்ந்தே தூங்கினார். தூங்கினார் என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. என் நாத்தனார் எதிரே உட்கார்ந்து அவருடைய தொண்டைக் குழியையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவரும் அவளைச் சிரிக்க வைக்கப் பார்ப்பார். பாதி வாக்கியத்தில் மூச்சு தீர்ந்துவிடும், மீதியை அவளாக யூகித்துச் சிரிக்க வேண்டும். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. எழுந்து போய் வேண்டுமென்றே பாத்திரம் தேய்ப்பேன்.

அவருக்கு வேண்டியது அந்த இரண்டு கட்டிலில் ஒன்று. ஆக்ஸிஜன் வைத்தால் ஓரளவு மூச்சு விடலாம், பல வருஷம்கூட இருக்கலாம் என்று வெளியே ஒரு டாக்டர் சொன்னார். ஆனால் வேறு எங்கேயும் அதற்கு வழி இல்லை. தூக்காத குறையாக ஆலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். புதிதாக எக்ஸ்ரே எடுத்தார்கள். இந்தத் தடவை அண்ணனுடைய சொந்த நெஞ்சு. நுரையீரல் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பெரிய டாக்டர் படத்தைப் பார்த்தார், பழைய படத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"இது இவரோட படம் இல்லையே."

"இப்பத்தானேங்க உள்ள நின்னுட்டு வந்தாரு" என்றாள் நாத்தனார்.

"விலாவுல முடிச்சைக் காணோமே அம்மா. பழைய படத்துல எல்லாம் இருக்கு பாருங்க. இது யாரோ வெளியூர்க்காரரோட படம். மாறிப்போச்சு."

மறுபடி எடுத்தார்கள். முடிச்சு இல்லை. மெஷின் கெட்டுவிட்டது என்று ஆள் வரவழைத்துப் பழுது பார்த்தார்கள். மறுபடி எடுத்தார்கள். அதிலும் இல்லை. பெரிய டாக்டருக்கு எங்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நோயாளியான ஒரு வெளியூர்க்காரரைக் கொண்டுவந்து ஆலைத் தொழிலாளி என்று ஏமாற்றிக் கட்டில் வாங்கப் பார்க்கிறோமாம். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, நான் நான்தாங்க" என்றார். நிரூபிக்கச் சொன்னார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி கிளம்பினார். எங்கே என்றேன். "உண்மையைச் சொல்லிடப் போறேன்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கரப்பானுக்குப் பயப்படுகிற மனுஷன். கூடவே போனேன்.

"ஐயா, அந்தப் பழைய படம் எல்லாம் என் நெஞ்சுங்க."

பெரிய டாக்டர் முகம் மலர்ந்தது. "அதைத்தான் நானும் சொல்றேன். உங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி நெஞ்சு. என் ஆராய்ச்சியே அதுதான்."

"ஒரே மாதிரி இல்லைங்க. ஒரே நெஞ்சு. எல்லாருக்கும் பதிலா நான் போய் நின்னேன்."

"நீங்க ஆலையில வேலை செய்யறீங்களா?"

"இல்லைங்க. தண்ணித் தொட்டி."

"அப்ப உங்களை யாரு உள்ள விடுவாங்க?" என்று சிரித்தார். இருந்தாலும் நல்ல மனுஷன், இவரை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "இதோ முடிச்சு. சுத்தமான நுரையீரல். நீங்க இந்த ஊர்க்காரர்னு இதுல தெரியுது. இதை வெச்சு மத்த எல்லாப் படமும் உங்களோடதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? இந்த ஊர்ல எல்லாருக்கும்தான் இது இருக்கே!"

நான் வாயைத் திறந்தேன். "ஐயா, ஆலையிலேர்ந்து யாராவது ஒருத்தரை இப்பவே நிக்க வெச்சுப் பாருங்க."

"தாராளமா. யாரையாவது கூட்டிட்டு வாங்க, இன்னிக்கே பாக்கலாம்" என்றார்.

இவர் வீடு வீடாகப் போனார். இத்தனை வருஷம் யார் யார் சட்டையை எல்லாம் போட்டுக்கொண்டாரோ அவர்கள் வீட்டுக்கு எல்லாம் போனார். ஒருவருக்குக் கால் வலி. ஒருவருக்கு மகள் கல்யாணம் முடியட்டும். ஒருவர் வீட்டில் இல்லை என்று அவரே உள்ளேயிருந்து சொன்னார். கடைசியில் மேஸ்திரி எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"நெஞ்சுக்காரரே, உங்க மாப்பிள்ளை ஒருத்தர். படத்துல நிஜம் தெரிஞ்சா சட்டப்படி அத்தனை பேரையும் அனுப்பிடுவாங்க. அப்புறம் அடுப்பு எரியுமா? நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. தப்பாகப் பேசியிருந்தால் நாலு வார்த்தை திட்டி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். மேஸ்திரி கொஞ்ச நேரம் நின்று இருமிவிட்டுப் போனார்.

மறுநாள் அண்ணன் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால், சுவரில் சாய்ந்துகொண்டு மடியில் ஒரு சுத்தியலை வைத்திருந்தார்.

"மச்சான்... அவங்களுக்கு வேண்டியது... ஒரு விலா. அவ்வளவுதானே? நீ மதில்லேர்ந்து விழுந்தே... நான் ஏற முடியாது. அதனால..." என்று சுத்தியலை நீட்டினார்.

"பைத்தியமா மாப்ள உனக்கு?"

"எந்த எடம்னு... உனக்குத்தான் தெரியும். அந்நியர் கிட்ட... குடுக்க முடியுமா?"

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் கத்துவாள், சுத்தியலைப் பிடுங்கி எறிவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மெதுவா அடிண்ணா" என்றாள். அந்த ஒரு சொல்லை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். பாவி, எவ்வளவு யோசித்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பாள்!

இவர் சுத்தியலை வாங்கிக்கொண்டார். ஏன் வாங்கினார் என்று அவருக்கே தெரியாது. இடது கையால் தன் விலாவில் முடிச்சைத் தடவி இடம் பார்த்தார். பிறகு அண்ணனுடைய விலாவில் அதே இடத்தில் விரலை வைத்தார். சுத்தியலை ஓங்கினார். ஓங்கினவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பயத்தில் இடது கையை மட்டும் எடுக்க மறந்துவிட்டார். அடித்தால் இவர் விரல்தான் நசுங்கும். அப்படியே நின்று ஓவென்று அழ ஆரம்பித்தார்.

அண்ணன் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாதே. எங்களுக்கும் வந்துவிட்டது. நானும் நாத்தனாரும் அழுதுகொண்டே சிரித்தோம். அண்ணனுடைய சிரிப்பு இருமலாக மாறியது. அது சாதாரண இருமல் இல்லை, உடம்பையே பிடித்து உலுக்கிக்கொண்டு போனது, நிற்கவே இல்லை. நாத்தனார் ஓடிவந்து முதுகைப் பிடித்தாள். அப்போது உள்ளே டக் என்று ஒரு சத்தம். எல்லோருக்கும் கேட்டது. அண்ணன் வாயைத் திறந்தபடி இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"மச்சான்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு, "உனக்கு... சிரமம் வெக்கல."

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். படம் எடுத்தார்கள். பெரிய டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடது பக்க விலாவில் ஓர் இடம் உடைந்து வீங்கியிருந்தது. எங்களுக்கெல்லாம் உயிரே இல்லை.

"இதோ இருக்கு! இப்பத்தான் சரியான படம். நோயினால முடிச்சு கொஞ்சம் பெருசாயிருக்கு, அவ்வளவுதான். அடடா, இவ்வளவு மோசமான நிலையிலயா வெச்சிருந்தீங்க? மொதல்லயே கூட்டிட்டு வரக்கூடாதா?" என்று எங்களைக் கோபித்துக்கொண்டார்.

கட்டில் கிடைத்தது. மூக்கில் குழாய் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் அண்ணனுடைய உதட்டு நீலம் கொஞ்சம் குறைந்தது. நாத்தனார் ஆஸ்பத்திரியில் இருந்த எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தாள். எதற்கம்மா என்று கேட்டவர்களிடம், "எங்க வீட்டுக்காரருக்கு எலும்பு உடைஞ்சிருக்கு" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். நானும் ஒரு வாய் வாங்கிப் போட்டுக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

பரிசோதனை நாள் நெருங்கியது. இவர் என்னிடம் மட்டும் சொன்னார், இந்த வருஷம் போய் நிற்கப் போவதில்லை என்று. சொல்லிவிட்டு, ஊர் வந்து கதவைத் தட்டப்போகிறது என்று பயந்துகொண்டே இருந்தார். எதிர்பார்த்த மாதிரியே ஒரு காலையில் வந்தார்கள். மூட்டை தூக்குகிறவர், சலிக்கிறவர், அவர்களுக்குப் பின்னால் இன்னும் பலர். எல்லோரும் படியேற முடியாத நிலைக்கு வந்துவிட்டவர்கள். எங்கள் வாசலில் இருப்பதே மூன்று படி, அதற்கே நின்று நின்று வந்தார்கள். மேஸ்திரியும் வந்திருந்தார், கடைசியில், தலையைக் குனிந்துகொண்டு. சண்டைக்குத் தயாராக நான் முன்னால் போய் நின்றேன்.

"இந்த வருஷம் அவர் வர மாட்டாரு" என்றேன்.

"வர வேணாம் அக்கா," என்றார் மூட்டை தூக்குகிறவர். "நாங்களே நின்னுக்கறோம். எங்க நெஞ்சோடயே. வேலை இனிமே எப்படியும் முடியாது, ஒரு கட்டிலாவது கிடைக்கட்டும்."

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைத் தாண்டி உள்ளே இருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"அண்ணே, அந்த எடத்தை மட்டும் தொட்டுக் காட்டிடுங்க."

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆலையைப் பார்த்து, ஆஸ்பத்திரியைப் பார்த்து, மேடையில் விலாவைத் தடவிக்கொண்டு பேசினவரைப் பார்த்து. ஆனால் எதிரே நின்றவர்கள் இவர்கள்தான். இவர்களிடம் கத்தி என்ன செய்ய? நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

இவர் எழுந்து வாசலுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. சட்டையை விலக்கிவிட்டு, மூட்டை தூக்குகிறவருடைய விரலைப் பிடித்துத் தன் விலாவில் வைத்தார்.

"இங்க," என்றார். "நல்லா அழுத்திப் பாத்துக்கப்பா. தப்பிப்போனா மறுபடி உடைக்க வேண்டி வரும்."